12 மணி நேரத்தில் நெல் அறுவடை!

"என் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். ராத்திரி 12 மணி வரை செல்போனில் விளையாடுகிறான். கேட்டால், 'விவசாயம்தாம்மா பண்றேன்' என்கிறான். எட்டிப் பார்த்தால், உண்மையிலேயே வயல், மாடு, கோழி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால், 'கடலைக்குக் களை வெட்டணும், வாடா' என்றால் வருவதில்லை. போன மாதம், பால் பணம் வரும் என் கணக்கிலிருந்து நான்கு தடவையாக 1,870 ரூபாய் போயிருக்கிறது. விளையாட்டில் 'டைமண்ட்' வாங்கினானாம். இது சூதாட்டமா? இதில் விவசாயம் ஏதாவது படிக்க முடியுமா? அவன் அப்பா, போனை உடைத்துப் போட்டுவிடுவேன் என்கிறார். என்ன செய்வது?"

- வாசகி, ஆரணி வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். பையன் பொய் சொல்லவில்லை. பண்ணை விளையாட்டு என்பது உலகம் முழுக்க கோடிக்கணக்கானவர்கள் விளையாடும் ஒன்று. அதில் பலர் வாழ்நாளில் சேற்றில் கால் வைக்காதவர்கள் என்பதுதான் வேடிக்கை.

இதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் ஜப்பானைச் சேர்ந்த யசுஹிரோ வாடா. மியாசாகி என்ற பகுதியின் கிராமப்புறத்தில் வளர்ந்து, டோக்கியோவுக்கு வேலைக்குப் போனவர். அந்தக் காலத்து வீடியோ கேம் என்றால் சண்டை, துப்பாக்கி, கார் பந்தயம்தான். விட்டுவந்த ஊரை நினைத்துக்கொண்டு, விதைப்பதும் மாடு வளர்ப்பதும் மட்டுமே உள்ள ஒரு விளையாட்டை அவர் உருவாக்கினார். 1996-ல் வெளியான 'ஹார்வெஸ்ட் மூன்' அதுதான். ஊரை விட்டுப் போனவரின் ஏக்கத்தில் பிறந்த விளையாட்டு, இன்று ஊரிலேயே இருக்கும் பையனை வயலுக்கு வரவிடாமல் செய்கிறது.

2009-ல் ஃபேஸ்புக்கில் வந்த 'ஃபார்ம்வில்' இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. உச்சத்தில் இருந்தபோது மாதத்துக்கு 8 கோடி பேர் அதை விளையாடினார்கள். அதில் ஸ்ட்ராபெர்ரி 4 மணி நேரத்தில் காய்க்கும். நெல் 12 மணி நேரத்தில் அறுவடைக்கு வரும். நம் ஊரில் ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகத்துக்கே 110 நாள் காத்திருக்க வேண்டும். விளைந்த பயிரைக் குறித்த நேரத்துக்குள் அறுக்காவிட்டால், அந்த விளையாட்டில் பயிர் காய்ந்துவிடும். அதற்காக நடுராத்திரியில் அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. ராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும் ஊர்களில், டார்ச் லைட்டோடு மோட்டார் போடப் போகும் விவசாயிக்கு இது புதிதல்ல. நாட்டுக்கு நாடு தூக்கம் கெடுகிற காரணம்தான் வேறு. 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு ஃபார்ம்வில்லை மூடிவிட்டார்கள். பதினோரு வருடமாகச் சிலர் ஆசை ஆசையாக வளர்த்த பண்ணைகள் ஒரே நாளில் இல்லாமல் போயின.

சரி, இந்த 'டைமண்ட்' விவகாரத்துக்கு வருவோம். இலவசமாகக் கிடைக்கும் பண்ணை விளையாட்டுகள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்லாந்து நிறுவனம் ஒன்று 2012-ல் வெளியிட்ட 'ஹே டே' விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் கோதுமை 2 நிமிடத்தில் விளைந்துவிடும். ஒன்று விதைத்தால் இரண்டு கிடைக்கும். (நிஜத்தில் ஒரு நெல்மணி தூர் கட்டி, கதிர் விட்டு, நூற்றுக்கணக்கான மணிகளைக் கொடுக்கிறது. இந்த விஷயத்தில் இயற்கைதான் தாராளம்.) ஆட்டத்தில் மேலே போகப் போக, ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கும் நேரம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நீளும். காத்திருக்க முடியாதவர்கள் 'டைமண்ட்' கொடுத்து அந்த நேரத்தைத் தாண்டிவிடலாம். விளையாடும்போது கொஞ்சம் டைமண்ட் சும்மாவே கிடைக்கும். தீர்ந்துபோனால் நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும்.

அதாவது, அங்கே விற்கப்படுவது விதையோ உரமோ அல்ல, பொறுமையின்மை. பயிர் விளையும் வரை காத்திருப்பதுதான் விவசாயத்தின் பாதி வேலை. அந்தப் பாதியைக் காசாக்கியிருக்கிறார்கள். வாசகியின் மகன் விளையாடியது எந்த விளையாட்டு என்று கடிதத்தில் இல்லை. என்றாலும், பால் பணம் போன வழி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பதினாறு வயதுப் பையனிடம் பொறுமையை எதிர்பார்த்து யாரும் வியாபாரம் செய்வதில்லை.

இது சூதாட்டமா என்றால், இல்லை. பணத்தைக் கட்டி, அதைவிடக் கூடுதலாகப் பணம் ஜெயிக்கலாம் என்று ஆட வைப்பதுதான் பண விளையாட்டு. ரம்மி, போக்கர் எல்லாம் அந்த வகை. டைமண்டில் பணம் போகும், திரும்ப வராது, ஜெயித்தாலும் வராது. கடையில் மிட்டாய் வாங்கித் தின்றது மாதிரிதான். வீட்டுக்குத் தெரியாமல் வாங்கியது தப்பு என்பது தனி விஷயம்.

பண விளையாட்டுகளுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அவற்றுக்கு மட்டும் அந்தத் தடை பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவாக இருந்தாலும் நடத்தக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. விளையாடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. எனவே, பிள்ளையோ கணவரோ அப்படிப் பணத்தை விட்டிருந்தால், போலீஸுக்குப் பயந்து மூடி மறைக்கத் தேவையில்லை.

ஆனால், பண்ணை விளையாட்டும் பணமும் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதற்குத் துருக்கியில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அங்கே 2016-ல் 'சிஃப்ட்லிக் பேங்க்' என்று ஒன்று தொடங்கினார்கள். சிஃப்ட்லிக் என்றால் பண்ணை. ஃபார்ம்வில் மாதிரியே திரையில் கோழி, மாடு, வயல். ஒரே ஒரு வித்தியாசம், திரையில் வாங்கும் கோழிக்கு நிஜப் பணம் கட்ட வேண்டும். 'நீங்கள் வாங்கிய கோழி நிஜமாகவே எங்கள் பண்ணையில் வளர்கிறது. முட்டை, பால் விற்ற லாபம் உங்களுக்கு வரும்' என்றார்கள். நம்பிக்கைக்காகச் சில பண்ணைகளையும், பால், இறைச்சி விற்கும் கடைகளையும் திறந்து காட்டினார்கள். தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்குப் பணமும் வந்தது. அது பால் விற்ற பணம் அல்ல, பின்னால் சேர்ந்தவர்கள் கட்டிய பணம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2018-ல் அதை நடத்திய இளைஞர் தென் அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டார். 2021-ல் பிரேசிலில் சரணடைந்தார். அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் 2025-ல் துருக்கி நீதிமன்றம் ஆளுக்கு 45,376 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. எழுத்துப் பிழை இல்லை, நாற்பத்தைந்தாயிரம் ஆண்டுகள்தான். ஏமாந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தண்டனையைக் கணக்கிட்டுக் கூட்டினால் இப்படித்தான் வரும்.

ஈமு கோழியை நம்பிப் பணம் போட்டு ஏமாந்த கதை தெரிந்த கொங்கு மண்டல வாசகர்களுக்கு, இந்தத் துருக்கிக் கதையை விளக்கவே வேண்டியதில்லை. அங்கே கோழி கண்ணுக்குத் தெரிந்தது, இங்கே திரையில் தெரிகிறது. அவ்வளவுதான். 'ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மாடு வாங்குங்கள், தினமும் ஐம்பது ரூபாய் உங்கள் கணக்கில் ஏறும்' என்று வாட்ஸ்அப்பில் எந்தச் செயலி வந்தாலும், அதன் பெயர் எவ்வளவு பசுமையாக இருந்தாலும், தொடக் கூடாது. மாடு வைத்திருப்பவர்களுக்கே தெரியும். தீவனச் செலவு போக, கறவை வற்றும் மாதங்களும் போக, ஒரு மாடு எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுக்கும் என்பதை அவர்களைவிட யாரும் சரியாகச் சொல்ல முடியாது. அப்படிப் பணத்தை இழந்துவிட்டால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த கேள்வி, இதில் விவசாயம் படிக்க முடியுமா என்பது. விளையாட்டைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று 2008 முதல் வெளியிடும் 'ஃபார்மிங் சிமுலேட்டர்' வேறு ரகம். பெரும்பாலும் ஒரே தடவை விலை கொடுத்து வாங்குவது. நிஜ நிறுவனங்களின் டிராக்டர்கள், அறுவடை இயந்திரங்கள் எல்லாம் அதே தோற்றத்தில், அதே கருவிகளோடு வரும். 2024 நவம்பரில் வந்த பதிப்பில் நெல்லும் எருமையும்கூடச் சேர்ந்துவிட்டன. வயலில் தண்ணீர் கட்டி, இயந்திரத்தால் நாற்று நடும் வேலையெல்லாம் அதில் இருக்கிறது. இதில் குழுவாகப் போட்டி போட்டு, யார் சீக்கிரம் அறுத்து வைக்கோல் கட்டுகளை அடுக்குகிறார்கள் என்று பரிசு கொடுக்கும் போட்டியும் ஐரோப்பாவில் 2019 முதல் நடக்கிறது.

இதை விளையாடும் பையனுக்குச் சில விஷயங்கள் நன்றாகவே பிடிபடும். எந்தக் கலப்பைக்கு எத்தனை குதிரைத்திறன் டிராக்டர் வேண்டும் என்பது தெரியும். மழை பெய்யும்போது அறுவடை இயந்திரத்தை இறக்க முடியாது என்பது தெரியும். விளைச்சலை அறுத்த அன்றே விற்காமல், கிடங்கில் வைத்திருந்து விலை ஏறும்போது விற்றால் எவ்வளவு கூடக் கிடைக்கும் என்பது மிக நன்றாகத் தெரியும். நம்மில் பலர் களத்து மேட்டிலேயே வியாபாரியிடம் விலை பேசிவிடுகிறோம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கி அவசரச் செலவைச் சமாளிக்கலாம் என்பது தெரிந்தும் செய்வதில்லை. அந்த ஒரு பாடத்துக்காகப் பையனைப் பாராட்டலாம்.

தப்பாகப் படிக்கவும் வழி உண்டு. அந்த விளையாட்டில் அவ்வப்போது நிலத்துக்குச் சுண்ணாம்பு போட வேண்டும். ஐரோப்பாவின் மழை மிகுந்த புளிப்பு மண்ணுக்கு அது சரி. இங்கேயும் நீலகிரி மாதிரியான இடங்களில் சரி. அதைப் பார்த்துவிட்டு ஆரணிப் பக்கத்துக் கடலைக் காட்டில் சுண்ணாம்பைக் கொட்டக் கூடாது. கடலைக்கு வேண்டியது ஜிப்சம். ஏக்கருக்கு 160 கிலோ, விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் செடியின் பக்கத்தில் இட்டு மண் அணைக்க வேண்டும்.

விளையாட்டில் இல்லாதவற்றின் பட்டியல்தான் பெரிது. களை உண்டு, ஆனால் புழு இல்லை, பூஞ்சை இல்லை, வைரஸ் இல்லை. 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழுவுக்காக, மக்காச்சோளக் குருத்தைத் தினமும் பிரித்துப் பார்க்கும் விவசாயியின் கழுத்து வலி அதில் கிடையாது. ஆள் வேண்டும் என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கடனும் அப்படித்தான், சிட்டா, அடங்கல், ஜாமீன் எதுவும் கேட்கமாட்டார்கள். எடை போடும்போது யாரும் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பதில்லை.

ஆனால், பையன் நிஜ வயலுக்கு வராததற்குக் காரணம் வெயிலும் சேறும் மட்டும்தானா? இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திரையில் அவன் முதலாளி. என்ன விதைப்பது, எப்போது அறுப்பது, யாரிடம் விற்பது என்று எல்லாவற்றையும் அவன்தான் முடிவு செய்கிறான். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது எந்நேரமும் திரையின் மூலையில் தெரிகிறது. வீட்டு வயலில் அவன் யார்? மண்வெட்டியை எடுத்துக் கொடுப்பவன், மடை மாற்றுபவன், 'அங்கே நிற்காதே, இங்கே வா' என்று திட்டு வாங்குபவன். கடலையில் போன வருடம் எவ்வளவு செலவானது, எவ்வளவு வந்தது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. பல வீடுகளில் அப்பாவுக்கே கணக்கு மனதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நஷ்டம் என்ற புலம்பலை மட்டும் சாப்பிடும்போது கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்த வயலை விரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எனவே, போனை உடைப்பதற்கு முன் ஒன்றைச் செய்து பார்க்கலாம். கிணற்றுக்குப் பக்கத்தில் 5 சென்ட் நிலத்தை அவனிடம் கொடுத்துவிட வேண்டும். முழுதாகக் கொடுக்க வேண்டும். என்ன பயிர் என்பதை அவன் முடிவு செய்யட்டும். யோசனை கேட்டால் மட்டும் அப்பா சொல்லலாம். விதை, உரச் செலவுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ஒரு நோட்டில் வரவு செலவு எழுதச் சொல்ல வேண்டும். விற்ற பணம் அவனுக்கு. நஷ்டம் வந்தாலும் அவனுக்கே. பாதியில் பரிதாபப்பட்டு அப்பாவே போய்க் களை எடுத்துவிட்டால், மறுபடி அவன் மண்வெட்டி எடுத்துக் கொடுப்பவனாகிவிடுவான்.

சிறுகீரை என்றால் 25 நாளில் பறித்துவிடலாம். கொஞ்சம் பெரிய ஆட்டம் வேண்டுமென்றால் வெண்டை. 5 சென்ட்டுக்கு 160 கிராம் விதை போதும். 45 நாளில் காய்ப்புக்கு வரும். அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் காய் முற்றி நாராகிவிடும். ஃபார்ம்வில்லில் அலாரம் வைத்து எழுந்தார்களே, அதே ஆட்டம்தான். இதில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் காலை ஆறு மணிக்கு எழுந்தால் போதும். விளையாட்டில் இல்லாத எதிரியும் இதில் உண்டு. இலை நரம்பு மஞ்சளாகும் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. மஞ்சள் ஒட்டும் பொறிகளைக் கட்டி வைத்து, நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி அழிக்க வேண்டும். நோயைத் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்குவது அதைவிட நல்லது. பராமரிப்பு சரியாக இருந்தால் 200 கிலோ வரை காய் எதிர்பார்க்கலாம். சந்தை விலையை 'உழவன்' செயலியில் அவனே பார்த்துக்கொள்வான். அந்த வேலையில் அப்பாவைவிட அவன் கெட்டிக்காரன்.

திரையில் இயந்திரம் ஓட்டிப் பழகிய விரல்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மருந்து தெளிக்கும் டிரோன்களை இயக்க, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் முடிந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பையனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஆசை இருக்கிறதா என்று கேட்டுவைக்கலாம்.

இனி பால் பணத்துக்கான பாதுகாப்பு. இதைத் தள்ளிப்போடக் கூடாது. பணம் அனுப்பும் செயலியின் பின் நம்பர் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கே அதை மாற்றிவிட வேண்டும். அதே செயலியில் 'ஆட்டோபே' என்ற பகுதிக்குள் போய், மாதா மாதம் பணம் எடுக்கும் அனுமதி ஏதாவது கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றி வைக்கலாம். தெரியாமல் வாங்கியதை 48 மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. இந்த 1,870 ரூபாய்க்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. முடிந்தால் பால் பணம் வரும் கணக்கின் எண்ணை, பையன் கைக்குப் போகாத பட்டன் போனில் போட்டுவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

ராத்திரி விளையாட்டைப் பொறுத்தவரை, பத்து மணிக்கு மேல் போன் சமையலறை அலமாரியில் என்று வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சட்டம் போடலாம். அப்பாவின் போனும் அங்கேதான் இருக்க வேண்டும். படிப்பு, சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் என எதுவும் வேண்டாம், விளையாட்டு மட்டும் போதும் என்ற நிலை மாதக்கணக்கில் நீடித்தால், அதை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது. அந்த அளவுக்குப் போயிருந்தால் அடி, திட்டு எதுவும் வேலைக்கு ஆகாது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். கடிதத்தைப் பார்த்தால், இந்தப் பையன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான், வாங்கியதையும் ஒப்புக்கொள்கிறான். அவ்வளவு தூரம் போனதாகத் தெரியவில்லை.

அந்த 1,870 ரூபாயை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய கடன் என்று, 5 சென்ட் நோட்டின் முதல் பக்கத்தில் அவன் கையாலேயே எழுத வைக்கலாம். வெண்டைக்காய் விற்கத் தொடங்கியதும் வாரா வாரம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம். வட்டி வேண்டாம்.